ஓசியில் சாப்பிடுகிறவர்கள் யார்?

விடிவதற்கு முன் மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயில், சாம்பியன், உரிகம், கோரமண்டல், பெமல் நகர் என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பங்காரப்பேட்டை வருவதற்குள் நிற்க இடம் இருக்காது. அங்கிருந்து மாலூர், ஒயிட்பீல்டு, பெங்களூர். சுமார் நூறு கிலோமீட்டர். கட்டட வேலைக்காரர், கம்பெனி காவல்காரர், ஜவுளிக்கடைச் சிப்பந்தி, ஆபீஸ் குமாஸ்தா எல்லோரும் ஒரே பெட்டியில். தங்கவயல்காரர்கள் ஆயிரக்கணக்கில் இப்படித்தான் நாள்தோறும் போய்ப் பிழைத்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள்.

அந்தப் பெட்டியில் பேசாத பேச்சு இல்லை. சென்ற மாதம் ஒரு நாள் காலையில் பேச்சு அரசாங்க உதவிகளின் மேல் திரும்பியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருவர், நல்ல மனிதர், தனியார் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறவர், எல்லோரும் கேட்கும்படி சொன்னார்:

"அரிசி ஓசி, கரண்ட் ஓசி, பஸ் ஓசி. மாசம் பொறந்தா கையில ரெண்டாயிரம். அப்புறம் எவன் வேலைக்குப் போவான்?"

நாலைந்து பேர் தலையாட்டினார்கள். சிலர் சிரித்தார்கள்.

அவருக்கு எதிரே, இரண்டு பேருக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த ஒரு ஆயா எதுவும் சொல்லவில்லை. மடியில் இருந்த சாப்பாட்டு டப்பாவை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவரைத் தெரியும். சாம்பியன் லைன் வீடுகளில் இருக்கிறார். வயது 64. வீட்டுக்காரர் சுரங்கத் தொழிலாளி, நெஞ்சு நோயில் போய்விட்டார். அரசாங்க அரிசி வாங்குகிறார், இரண்டாயிரமும் வாங்குகிறார், பென்ஷனும் வாங்குகிறார். அந்தக் கணக்கர் சொன்ன "ஓசி" ஆட்களில் அவர் ஒருவர்.

அந்த நேரத்தில் அவர் எங்கே போய்க்கொண்டிருந்தார்? ஒயிட்பீல்டுக்கு. அடுக்குமாடி வீடுகள் நான்கில் பாத்திரம் தேய்த்து, தரை துடைக்கிற வேலைக்கு.

ஜவுளிக்கடைப் பை

ரேஷன் கடையில் அரிசி வாங்கியதும் அந்த ஆயா அதைச் சாக்குப் பையோடு தூக்கி வருவதில்லை. பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் பெயர் போட்ட பையில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி எடுத்து வருவார். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "நாலு பேரு பாத்தா நல்லாவா இருக்கும் தம்பி?" என்றார்.

தமிழ்நாட்டில் இந்த வெட்கம் இவ்வளவு இல்லை. அங்கே அரிசிக் கார்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் ரேஷன் உண்டு. 2011 ஜூன் முதல் அரிசிக்கு விலையும் இல்லை. வாத்தியார் வீட்டு அம்மாவும் கூலிக்காரரும் ஒரே வரிசையில் நிற்பதால், வரிசையைப் பார்த்து யாரும் யாரையும் எடைபோட முடியாது. கர்நாடகத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழே என்று எழுதிய கார்டு வேண்டும். கார்டை நீட்டினாலே, நான் ஏழை என்று சொன்னதாகிறது.

ஒரு உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2023-ல் இந்தத் திட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தபோது நானும் அந்தக் கணக்கரைப் போலத்தான் பேசினேன். ஆயாவுக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்கப் போன பிறகுதான் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். முப்பது நாளுக்குப் பங்கிட்டால் ஒரு நாளைக்கு 165 கிராம் சொச்சம். உடல் உழைப்புக்காரருக்கு ஒரு வேளைக்கே அது சரியாகப் போய்விடும். கர்நாடக அரசு அன்னபாக்யாவில் அதற்கு மேலும் தருவதாகச் சொல்லி, அரிசி கிடைக்காததால் 2023 ஜூலையிலிருந்து 5 கிலோவுக்குப் பதில் ஆளுக்கு 170 ரூபாய் தந்தது. 2025 தொடக்கத்தில் மறுபடியும் அரிசி என்றது. குடும்பத் தலைவிக்கான கிருஹலட்சுமிப் பணம் 2,000 ரூபாய், 2023 ஆகஸ்டு 30-ல் தொடங்கியது. நாளைக்கு 66 ரூபாய் ஆகிறது. அதிலும் சில தவணைகள் மாதம் தள்ளி வந்தன. இவ்வளவையும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து சாப்பிட முடியுமானால், அந்த வித்தையை நானும் கற்றுக்கொள்ளத் தயார். குழம்புக்குப் பருப்பு, எண்ணெய், விறகுக்குப் பதில் வந்த சிலிண்டர், பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடப் பை, மாத்திரை, இவை எந்தக் கடையிலும் ஓசியில்லை.

"கையில் காசு வந்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள்" என்பது தங்கவயல் ரயிலில் மட்டும் பிறந்த பேச்சு இல்லை. உலகம் முழுவதும் உண்டு. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் உடன் ஆய்வாளர்களும் ஹொண்டூராஸ், இந்தோனேசியா, மொராக்கோ, மெக்சிகோ, நிகரகுவா, பிலிப்பைன்ஸ் ஆகிய ஆறு நாடுகளில் ஏழைகளுக்குப் பணம் கொடுத்த ஏழு திட்டங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். பணம் வாங்கியவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டதாக எங்கும் அடையாளம் இல்லை என்று எழுதினார்கள். நம் மத்தியப் பிரதேசத்தில் 2011-ல் சேவா அமைப்பும் யூனிசெப்பும் சில கிராமங்களில் மாதாமாதம் பணம் கொடுத்துப் பார்த்தபோது, பலர் சொந்த நிலத்தில் கூடுதலாக வேலை செய்தார்கள். விதை வாங்கக் கையில் காசு இருந்ததுதான் காரணம்.

"வாங்கிக் குடித்துவிடுவார்கள்" என்பது அடுத்தது. டேவிட் எவன்ஸ், அன்னா போபோவா என்ற இருவர் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அரசாங்கப் பணம் வந்ததால் குடிச் செலவோ புகைச் செலவோ கூடவில்லை. குடிக்கிறவன் கூலிக் காசிலும் குடிக்கிறான் என்பது நம் லைன் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு ரேஷன் கார்டு வேண்டியதில்லை.

மூச்சு வாங்கும் சோம்பேறிகள்

தங்கவயலில் "சோம்பேறி" என்ற சொல்லை எடுக்கும்போது கொஞ்சம் கூசவேண்டும்.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வேலையைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம், தர்மபுரி, சித்தூர் பக்கத்திலிருந்து நம் பாட்டன்மார் வந்தார்கள். பெரும்பாலும் ஆதிதிராவிட மக்கள். ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போயிற்று. அந்த ஆழத்தில் பாறையைத் தொட்டால் கை சுடும். பாறை வெடித்துச் சிதறினால் ஆள் மிஞ்சமாட்டான். வெடிக்காத நாளிலும் பாறைத் தூள் மூச்சில் போய் நுரையீரலைக் கல்லாக்கும். அதற்குத்தான் சிலிகோசிஸ் என்று பெயர். 1940-களில் இங்கே ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கும் அதிகமாக அந்த நோய் இருந்தது.

நூற்றிருபது ஆண்டுகளில் இங்கிருந்து எடுத்த தங்கம் சுமார் 800 டன். 1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-ல் மத்திய அரசுக்குப் போயிற்று. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. 2001 பிப்ரவரி கடைசியில் மூடினார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஒரே நாளில் வேலை இல்லாதவர்கள் ஆனார்கள். அவர்களில் உயிரோடு இருக்கிற பலர் உரிகம் ஸ்டேஷன் படியில் நாலு படி ஏறி, கைப்பிடியைப் பிடித்து நின்று, மூச்சு வாங்கிவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போகிறார்கள். டிக்கெட் ஜன்னலுக்கு உள்ளே இருந்து தினமும் பார்க்கிறேன்.

இவர்கள் வாங்கும் பென்ஷனையும் சேர்த்து "ஓசிப் பணம்" என்கிறவர்கள் இருக்கிறார்கள். அது எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லவேண்டும், பி.எப். கட்டுகிற குமாஸ்தாக்கள் பலருக்கே இது தெரியவில்லை.

1995 நவம்பர் 16-ல் தொழிலாளர் பென்ஷன் திட்டம் தொடங்கியது. முதலாளி கட்டவேண்டிய பி.எப். பங்கில் சம்பளத்துக்கு நூற்றுக்கு 8.33 வீதம் பென்ஷன் நிதிக்குப் போகிறது. மத்திய அரசு 1.16 சேர்க்கிறது. ஆகவே இதில் பெரும்பங்கு உழைப்புக்கு ஈடாக அந்தந்த மாதமே எடுத்து வைத்த பணம். பென்ஷன் கணக்கு இதுதான்: சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்கவேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் அந்நாளில் கணக்குக்கு எடுத்துக்கொண்ட உச்ச வரம்பு 5,000 ரூபாய். திட்டம் தொடங்கியதிலிருந்து சுரங்கம் மூடியது வரை ஐந்தே கால் ஆண்டுதான். 5,000-ஐ 5-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்துப் பாருங்கள். 357 ரூபாய் வரும். 1995-க்கு முந்தைய உழைப்புக்கென்று தனிப் பட்டியல் உண்டு. அதிலும் கிடைப்பது நூற்றுக்கணக்கில்தான், ஆயிரக்கணக்கில் இல்லை. அந்த 5,000 உச்ச வரம்பை 6,500 ஆக உயர்த்தினார்கள். எப்போது? 2001 ஜூன் 1-ல். சுரங்கம் மூடி மூன்று மாதம் ஆகியிருந்தது.

விதவைக்கு இதிலும் பாதி. 2014 செப்டம்பரிலிருந்து எவருக்கும் 1,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று வைத்தார்கள். அன்றைய 1,000 இன்றைக்கும் 1,000-தான். அரசு தரும் முதியோர் பென்ஷன் வேறு. அதில் 60 முதல் 79 வயது வரை மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். பதினைந்து ஆண்டுக்கு மேலாக அது அசையவில்லை. மாநில அரசுகள்தான் மேலே போட்டுக் கொடுக்கின்றன.

பெருவிரல்

எளிதாக வாங்கிவிடுகிறார்கள் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் ஆயாவோடு போய் நின்று பார்க்கவேண்டும்.

நாற்பது ஆண்டாகப் பாத்திரம் தேய்த்த விரல். அதில் ரேகை எங்கே இருக்கும்? ரேஷன் கடை மெஷினில் வைத்தார், சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தார், சிவப்பு. சேலையில் தேய்த்துச் சூடாக்கி வைத்தார், அப்போதும் சிவப்பு. "நாளைக்கு வாங்க." நாளைக்குப் போனால் ஒயிட்பீல்டில் ஒரு நாள் கூலி போகும். ஒரு மாத அரிசி அப்படியே போயிற்று.

அடுத்தது பென்ஷன். ஆண்டுக்கு ஒரு முறை உயிரோடு இருக்கிறேன் என்று சான்று தரவேண்டும். அதற்கும் விரல் வைக்கச் சொன்னார்கள். பதியவில்லை. ஒரு ஆபீசில் அடுத்த ஆபீசைக் காட்டினார்கள், அங்கே முந்தின ஆபீசையே காட்டினார்கள். மூன்று மாதம் பென்ஷன் நின்றது. ஆயா நேரில் நிற்கிறார், பேசுகிறார், அழுகிறார். காகிதத்தில் மட்டும் உயிரோடு இல்லை. கடைசியில் முகத்தைப் படமெடுத்துச் சான்று தரும் வழி ஒன்று இருக்கிறது என்று தெரிந்து, ஒரு பையனின் செல்போனில் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. நின்ற பணம் பிறகு சேர்ந்து வந்தது. அதற்குள் வட்டிக்கு வாங்கியிருந்த கடன் அதைப் பாதி தின்றுவிட்டது.

இதே ஊரில் 1930-ல், தொழிலாளர்கள் எல்லோரும் கைரேகை வைக்கவேண்டும் என்று கம்பெனி உத்தரவு போட்டபோது, எங்களைத் திருடர்களாக நினைக்கிறீர்களா என்று கேட்டு ஆயிரக்கணக்கானவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தத் தொழிலாளர்களின் பேத்தி வயதுப் பெண்கள் இன்று, "சாமி, என் ரேகை விழணும்" என்று மெஷின் முன் கும்பிட்டு நிற்கிறார்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டில் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று குடும்பத்தின் ரேஷன் நின்றிருந்தது. சோறு கேட்டுக்கொண்டே செத்தாள் என்று தாய் சொன்னார். மலேரியா என்றது அரசுத் தரப்பு. நாடு முழுவதும் கூச்சல் எழுந்த பிறகு, 2017 அக்டோபர் 24-ல் ஆதார் ஆணையம் ஒரு சுற்றறிக்கை விட்டது: ரேகை பதியவில்லை என்பதற்காக உரிய உதவியை மறுக்கக்கூடாது, மாற்று வழியில் சரிபார்த்துக் கொடுக்கவேண்டும். இந்தத் தேதியை வாசகர்கள் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. கடைக்காரர் "மெஷின் ஒத்துக்கலை" என்று கைவிரித்தால் சொல்லிக் கேட்கலாம்.

ஏமாற்றுகிறவர்களே இல்லையா? இருக்கிறார்கள். கார் வைத்துக்கொண்டு ஏழைக் கார்டு வாங்கியவரை எனக்கும் தெரியும். ரேஷன் அரிசியை மூட்டையாக வாங்கி விற்கிறவர்களைப் போலீஸ் பிடித்த செய்தியை நானே அனுப்பியிருக்கிறேன். ஆனால் அவர்களைப் பிடிக்கிறேன் என்று வலை வீசும்போது அகப்படுகிறவர்கள் யார்? 2021 பிப்ரவரியில் அப்போதைய கர்நாடக உணவு அமைச்சர் உமேஷ் கத்தி, டி.வி., பிரிட்ஜ், மோட்டார் சைக்கிள் உள்ளவர்கள் ஏழைக் கார்டைத் திருப்பித் தரவேண்டும் என்றார். டி.வி. இல்லாத லைன் வீடு எது? எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கினார். 2024 நவம்பரில் ஏராளமான கார்டுகள் ரத்தாயின. மறுபடியும் கூச்சல். வருமான வரி கட்டுகிறவர்கள், அரசு ஊழியர்கள் தவிர மற்றவர்கள் கார்டைத் திருப்பித் தருகிறோம் என்று அரசே சொல்லவேண்டியதாயிற்று. இடையில் அரிசி கிடைக்காமல் நின்றவர்களுக்கு எவர் பதில் சொன்னார்?

என் கணக்கு

"எங்கள் வரிப் பணம்" என்று கணக்கர் அன்று இன்னொன்றும் சொன்னார். 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு புதிய முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை வருமான வரி கிடையாது. அந்தப் பெட்டியில் வருமான வரி கட்டுகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம். ஆயா மாதாமாதம் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்யும்போது நூற்றுக்கு 18 வரி கட்டுகிறார். கோடீசுவரரும் அதே 18-தான் கட்டுகிறார்.

ரயில்வேயில் இருப்பவன் என்ற முறையில் இன்னொன்று சொல்லலாம். நம் டிக்கெட்டுகளில், பயணச் செலவில் நூற்றுக்கு 57 ரூபாய்தான் பயணிகளிடமிருந்து கிடைக்கிறது என்று பல ஆண்டுகளாக அச்சடித்தே கொடுத்தோம். அது சராசரி. சீசன் டிக்கெட்டுக்காரர் கொடுப்பது அதைவிடக் குறைவு. தினம் தனி டிக்கெட் எடுத்து மாதம் முழுவதும் போய் வந்தால் ஆகும் செலவில் சிறு பகுதியைத்தான் அவர் கட்டுகிறார். மீதியை அரசாங்கம் தாங்குகிறது. ஓசி அரிசி என்று சிரித்த நாலைந்து பேர் பையிலும் சீசன் டிக்கெட் இருந்தது. என் பையில் இருந்தது ரயில்வே பாஸ். யாரும் அதை ஜவுளிக்கடைப் பையில் மறைத்து வைப்பதில்லை.

தமிழ் வாசகர்களிடம் இருக்கும் ஒரு எண்ணத்தையும் இங்கே சொல்லவேண்டும். "நாம் வெளி மாநிலத்தார், இதையெல்லாம் கேட்டால் வம்பு" என்று பலர் மனுவே போடுவதில்லை. இந்த உதவிகளுக்குத் தாய்மொழி எது என்று எந்தப் படிவத்திலும் நிபந்தனை இல்லை; கர்நாடகத்தில் குடியிருப்பதும் வருமானமும்தான் பார்க்கப்படுகின்றன. அரசு சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம், 2023 ஜூன் 11-ல் வந்தது, அதற்கும் கர்நாடக முகவரிச் சான்றுதான் கேள்வி. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தமிழ்நாட்டுக் கார்டோடு இங்கே வேலைக்கு வந்திருப்பவர்கள், அது மத்திய உணவுச் சட்டத்தின் கீழ் வரும் கார்டாக இருந்தால், தங்கள் பங்குத் தானியத்தை இங்குள்ள ரேஷன் கடையிலேயே வாங்கலாம். 2022 ஜூன் முதல் நாடு முழுவதும் இந்த ஏற்பாடு இருக்கிறது. பென்ஷன்காரர்கள் சான்றுக்கு விரல் பதியாவிட்டால் முகப் படத்தால் செய்யச் சொல்லிக் கேளுங்கள். பி.எப். பென்ஷனுக்கு ஆண்டில் எந்த மாதத்திலும் சான்று தரலாம், கொடுத்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் செல்லும்.

அன்று ஒயிட்பீல்டு வந்ததும் ஆயா எழுந்தார். கணக்கரே நகர்ந்து வழிவிட்டு, "பாத்து எறங்குங்க ஆயா" என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டார். தான் யாரைப் பற்றிப் பேசினோம் என்பது அவருக்குத் தெரியாது.

அடுத்த மாதம் ஆயாவின் சான்றுக்குக் கெடு வருகிறது. டயரியில் குறித்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வீட்டிலேயே இருங்கள், நான் வந்து செல்போனில் முடித்துவிடுகிறேன் என்றேன். "சனிக்கிழமையா? அன்னிக்கு நாலு வீட்லயும் வேலை தம்பி. ஞாயித்துக்கிழமை சாயங்காலமா வாயேன்" என்றார்.